கேட்கப்படாத பதின்மூவர்: நில்ஸ் மெல்சரின் நூலை முன்வைத்து

நில்ஸ் மெல்சரின் புத்தகம் பற்றி இந்த இதழுக்கு எழுதப்போகிறேன் என்றதும், "அது கோட்டு வழக்குக் கதைதானே நானா, அதுக்கும் இலக்கியத்துக்கும் என்ன?" என்று கேட்டார் ஓர் இளம் நண்பர். நல்ல வாசகர், நல்ல கவிதைகளும் எழுதுபவர். உடனே பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. சாட்சியமும் ஒரு கதையாடல்தான், அதைச் சொல்பவர் யாரை முன்னுக்குக் கொண்டு வருகிறார், யாரைப் பின்னால் நிறுத்துகிறார் என்பது சிறுகதைக்கு எவ்வளவு முக்கியமோ இதற்கும் அவ்வளவு முக்கியம் என்று வீடு வந்த பிறகுதான் தோன்றியது. இந்தக் கட்டுரையை அவருக்கான தாமதித்த பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

மெல்சர் சுவிற்சர்லாந்து நாட்டுச் சட்ட அறிஞர். 2016 முதல் 2022 வரை சித்திரவதை தொடர்பான ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளராக இருந்தவர். விக்கிலீக்ஸ் ஸ்தாபகர் ஜூலியன் அசாஞ்சேயை அமெரிக்காவுக்கு நாடு கடத்துவதற்கான வழக்கைப் பற்றிய அவரது நூல் 2021இல் ஜேர்மன் மொழியிலும் 2022இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. எனக்குக் கிடைத்தது ஆங்கிலப் பிரதி, அதுவும் இரவல். ஓரங்களில் முன்பு வாசித்தவர் யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார். அவர் கோடிட்ட இடங்களுக்கும் எனக்குப் பிடித்த இடங்களுக்கும் பொருத்தமே இருக்கவில்லை.

நூலின் மிகச் சிறந்த பகுதி அதன் தொடக்கம். 2018 டிசம்பரில் அசாஞ்சேயின் சட்டத்தரணிகள் மெல்சரின் அலுவலகத்தை அணுகுகிறார்கள். அவர் மறுத்துவிடுகிறார். காரணம், பத்திரிகைகள் அவருக்குள் ஏற்கனவே வரைந்து வைத்திருந்த ஒரு சித்திரம். பாலியல் குற்றம் செய்துவிட்டுத் தூதரகத்துக்குள் ஒளிந்துகொண்டவன், தன்னைப் பற்றியே நினைப்பவன் என்ற சித்திரம். சித்திரவதைக்குள்ளானோரைத் தேடிச் செல்வதே தன் தொழிலாக உள்ள ஒருவர், தான் எவ்வளவு இலகுவாக ஏமாந்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறார். கதைசொல்லி தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் மற்றவர்களை விசாரிக்கத் தொடங்குகிறார். நமது தன்வரலாற்று நூல்களில் இந்தத் துணிவை நான் அதிகம் கண்டதில்லை.

எனக்கும் ஒரு முன்முடிவு இருந்தது. வெள்ளைக்காரன், பேர் பெற்றவன், பூனையோடு படம் எடுத்துக்கொண்டவன், அவனுக்காக அழ உலகத்தில் ஆட்கள் நிறைய, நாம் ஏன் அழவேண்டும் என்பது அது. பாதி நியாயமான எண்ணம்தான். ஆனால் மீதிப் பாதி 2007 ஜூலை 12இல் பக்தாத் தெருவொன்றில் கிடக்கிறது.

அன்று ஓர் அப்பாச்சி ஹெலிகொப்டரிலிருந்து சுடப்பட்டுக் கொல்லப்பட்டவர்களில் இருவர் ரொய்ட்டர் செய்தி நிறுவனத்துக்காக வேலை செய்தவர்கள். புகைப்படக் கலைஞர் நமீர் நூர்-எல்தீன், வயது 22. அவரது சாரதியும் உதவியாளருமான சயீத் ஷமாஃ, வயது 40. அந்தக் கூட்டத்தில் ஆயுதம் வைத்திருந்தோரும் இருந்தனர் என்று அமெரிக்க இராணுவம் சொன்னது. அது இருக்கட்டும். முதல் சூட்டில் காயப்பட்டு ஊர்ந்து போய்க்கொண்டிருந்த சயீதைத் தூக்கிக்கொண்டு போக ஒரு வேன் வந்து நின்றது. அந்த வேனையும் சுட்டார்கள். உள்ளே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் காயங்களோடு தப்பினார்கள், சயீத் தப்பவில்லை. ஹெலிகொப்டரில் எடுக்கப்பட்ட வீடியோவை ரொய்ட்டர் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்த்தது. தரவில்லை. 2010 ஏப்ரல் 5இல் விக்கிலீக்ஸ் அதை வெளியிட்டது. சுட்டவர் எவர் மீதும் வழக்கு வரவில்லை. வீடியோவையும் இலட்சக்கணக்கான ஆவணங்களையும் கொடுத்த செல்சி மானிங்குக்கு 2013இல் 35 வருடத் தண்டனை விதிக்கப்பட்டது. 2017இல்தான் அது குறைக்கப்பட்டு அவர் வெளியே வந்தார்.

காயப்பட்டவனைத் தூக்க வந்தவர்களைச் சுடுவது போர்ச் சட்டத்தில் என்ன பெயர் பெறும் என்பதை மெல்சர் ஒரு சட்ட ஆசிரியரின் பொறுமையோடு விளக்குகிறார். கோபப்படாமல் எழுதப்பட்டதாலேயே அந்தப் பக்கங்கள் நம்மைக் கோபப்படுத்துகின்றன. நாடு கடத்தல் வழக்குக்கு வரும்போதோ அந்தத் தெரு மெல்ல மெல்ல மறைந்துவிடுகிறது. அமெரிக்கக் குற்றப்பத்திரிகையில் மொத்தம் 18 குற்றச்சாட்டுகள். அவற்றில் 17, 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழானவை. உச்சத் தண்டனைகளைக் கூட்டினால் 175 வருடம். அந்தக் குற்றச்சாட்டுகளில் இந்த வீடியோ இல்லை! ஈராக்கில் படையினர் எப்போது சுடலாம் என்ற விதிகள் அடங்கிய கோப்பு இருக்கிறது, போர்க்குறிப்புகள் இருக்கின்றன, தூதரகக் கேபிள்கள் இருக்கின்றன, குவாண்டனாமோக் கைதிகள் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. உலகமே பார்த்த அந்தக் காட்சி மட்டும் கவனமாகத் தவிர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு பிரதியில் சொல்லப்படாதது எது என்று பார்க்கவேண்டும் என நாம் மேடை மேடையாகப் பேசியிருக்கிறோம். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நமது சொல்லொன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒறாபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார் என்று எழுதுகிறோம். விசா முடிந்த தொழிலாளியை மத்திய கிழக்கிலிருந்து திருப்பி அனுப்பினாலும் நாடு கடத்தல்தான். வழக்கை எதிர்கொள்வதற்காக ஒருவரை ஓர் அரசு இன்னோர் அரசிடம் ஒப்படைப்பதும் நாடு கடத்தல். மூன்றுக்கும் ஒரே சொல். போதாதற்கு அந்தச் சொல்லுக்குள் 'கடத்தல்' வேறு இருக்கிறது, ஆளைத் தூக்கிக்கொண்டு போவது. சட்டம் தெரிந்தவர்கள் இதைக் குறையென்பார்கள். எனக்கு இந்தக் குழப்பம் பிடித்திருக்கிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

லண்டன் நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி, அசாஞ்சே குற்றம் செய்தாரா என்பதல்ல. நாடு கடத்தல் வழக்குகளில் அது விசாரிக்கப்படுவதில்லை. அவர் சுமத்திய குற்றங்கள் நடந்தனவா என்ற கேள்விக்கோ அங்கே கதிரையே இல்லை. இன்ன சட்டத்தின்படி இந்த ஆளை அனுப்பலாமா, கூடாதா என்பது மட்டும்தான் கேள்வி. பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான 2003 உடன்படிக்கை அரசியல் குற்றங்களுக்கு விலக்களிக்கிறது. ஆனால் பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை, ஆகவே உடன்படிக்கையை இங்கே காட்டமுடியாது என்று நீதவான் வனெசா பரைற்சர் சொல்லிவிட்டார். 2021 ஜனவரி 4இல் அவர் வழங்கிய தீர்ப்பு கருத்துச் சுதந்திர வாதத்தை ஏற்கவில்லை, ஊடக வாதத்தை ஏற்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாசல் திறந்தது: இவருடைய மனநிலையில் அமெரிக்கச் சிறையின் தனிமைக்கு அனுப்பினால் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வார், ஆகவே அனுப்பக்கூடாது.

அதாவது, நீ சொன்னது சரி என்று சட்டம் சொல்லவில்லை. நீ உடைந்துபோய்விட்டாய், அதனால் விடுகிறோம் என்றது. அந்த வாசலையும் 2021 டிசம்பர் 10இல் மேல் நீதிமன்றம் மூடியது. அப்படியான சிறையில் வைக்கமாட்டோம் என்று அமெரிக்கா கொடுத்த வாக்குறுதி போதுமாம். பின்னர் அவர் ஏதாவது செய்தால் அந்த வாக்குறுதி மாறலாம் என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது.

மெல்சரின் நூலும் இதே வழியில்தான் போகிறது என்பது என் முதல் விமர்சனம். 2019 மே 9இல் இரண்டு வைத்திய நிபுணர்களுடன் அவர் பெல்மார்ஷ் சிறைக்குப் போகிறார். எக்குவடோர் தூதரகத்தில் ஏறக்குறைய ஏழு வருடம் இருந்துவிட்டு வந்த மனிதனின் உடலை, பதற்றத்தை, பேச்சின் வேகத்தைக் கவனித்து எழுதுகிறார். உளவியல் சித்திரவதை என்பது காயம் தெரியாத காயம் என்பதை இந்தப் பக்கங்கள் போல விளங்கவைத்த எழுத்தை நான் வாசித்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு நூலின் மையமாக அந்த உடலே ஆகிவிடுகிறது. பக்தாத்திலிருந்து பெல்மார்ஷுக்கு வந்த கதை திரும்பப் பக்தாத்துக்குப் போவதில்லை. அதிகாரம் விரும்பியதும் இதைத்தானே? குற்றத்தைப் பற்றிப் பேசவந்த சபை, குற்றம் சாட்டியவனின் தூக்கத்தையும் நிறையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. மெல்சர் இதை அறியாதவர் அல்லர், பல இடங்களில் எச்சரிக்கவும் செய்கிறார். இருந்தும் அவரது கதையாடல் அந்த இழுவையிலிருந்து தப்பவில்லை.

இரண்டாவது விமர்சனம் சுவீடன் பற்றிய அத்தியாயங்கள் சார்ந்தது. மெல்சருக்குச் சுவீடிஷ் மொழி தெரியும், மூல ஆவணங்களைத் தானே வாசித்தார். 2010 ஓகஸ்ட் 20இல் பிடியாணை, மறுநாள் அது இரத்து, செப்டெம்பர் 1இல் விசாரணை மீண்டும் ஆரம்பம், லண்டனுக்கு வந்து அவரை விசாரிக்க 2016 நவம்பர் வரை இழுத்தடிப்பு, 2019 நவம்பரில் விசாரணை கைவிடல் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டும்போது ஓர் அரச இயந்திரம் எப்படி நேரத்தைத் தின்கிறது என்பது தெரிகிறது. ஆனால் முறைப்பாடு செய்த இரண்டு பெண்களும் இந்த அடுக்கலில் அரசின் கையிலிருந்த கருவிகளாகச் சுருங்கிப்போகிறார்கள். அவர்கள் சொன்னது எந்த நீதிமன்றத்திலும் பரீட்சிக்கப்படவில்லை. அசாஞ்சேக்குப் போலவே அவர்களுக்கும் அது அநீதிதான். மெல்சர் முன்பு இதுபற்றி எழுதியபோது சட்டத்துறையினர் பலர் பகிரங்கக் கடிதம் மூலம் ஆட்சேபித்தனர். நூலில் அவர் கவனமாகவே எழுதியிருக்கிறார், ஆனாலும் எனக்குப் போதவில்லை. பெரியவர்கள் மீது குற்றம் சாட்டிய ஒருவனுக்கு நியாயம் கேட்பதற்காக, அவன் மீது குற்றம் சாட்டியவர்களைச் சின்னவர்களாக்க வேண்டியதில்லை.

இனி, இந்த நூல் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லவேண்டும். அதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. நூலை மூடிவிட்டு, 2020 செப்டெம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்த விசாரணை பற்றிய செய்திகளைத் தேடி வாசித்தேன். அங்கே சாட்சியாக ஒரு பெயர்: காலித் எல்-மஸ்ரி.

லெபனான் வம்சாவளியைச் சேர்ந்த ஜேர்மன் பிரசை. 2003 டிசம்பர் 31இல் மசிடோனிய எல்லையில் பிடிக்கப்பட்டார். இன்னொருவரின் பெயரோடு அவர் பெயர் ஒத்திருந்தது, அவ்வளவுதான். 23 நாட்கள் ஸ்கொப்ஜே நகர ஹோட்டலொன்றில் பூட்டி வைத்தார்கள். பிறகு விமான நிலையத்தில் சிஐஏ ஆட்களிடம் கொடுத்தார்கள். அங்கே அடித்து, உடை களைந்து, சொல்லக் கூசுவதெல்லாம் செய்து, மருந்தேற்றி ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு மாதம் இருட்டறை. ஆள் மாறிவிட்டது என்று தெரிந்தபின் 2004 மே மாதத்தில் அல்பேனியாவில் ஒரு தெருவோரம் இறக்கிவிட்டார்கள். மன்னிப்பில்லை, ஒரு துண்டுக் காகிதமில்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் அரச இரகசியம் என்று சொல்லி அவரது வழக்கை எடுக்கவில்லை. 2012 டிசம்பர் 13இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் மசிடோனியாவுக்கு எதிராக ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. விமான நிலையத்தில் நடந்தது சித்திரவதை என்றது. 60,000 யூரோ நட்டஈடு கொடுக்கச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர் நிலைகுலைந்து போயிருந்தார். நகர மேயரொருவரைத் தாக்கிய குற்றத்துக்காக ஜேர்மனியில் சிறையும் சென்றார். அதை மறைத்து அவரை ஒரு தூய தியாகியாக்க நான் விரும்பவில்லை.

2007 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றமொன்று அவரைக் கடத்திய 13 பேருக்குப் பிடியாணை பிறப்பித்தது. அடுத்த மாதம் பெர்லினிலிருந்த அமெரிக்கத் தூதரகம், அந்தப் பிடியாணைகளைச் சர்வதேச மட்டத்துக்குக் கொண்டுபோனால் இருநாட்டு உறவு பாதிக்கப்படும் என்று ஜேர்மன் அதிகாரிகளிடம் சொன்னது. அதே வருடம் செப்டெம்பரில், அமெரிக்கா எப்படியும் தராது, ஆகவே 13 பேரையும் ஒப்படைக்கும்படி கேட்கப்போவதில்லை என்று ஜேர்மன் அரசு முடிவெடுத்தது. பெர்லினில் நடந்த அந்தப் பேச்சு உலகத்துக்குத் தெரியவந்தது எப்படி? 2010 முதல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட 251,287 கேபிள்களில் அதுவும் ஒன்று.

இரண்டு நாடு கடத்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒத்திருந்தது என்பதற்காக ஒருவரைக் கடத்திச் சித்திரவதை செய்த 13 பேரைத் தரும்படி கேட்கவே கேட்கவில்லை. கேட்காமல் விட்ட கதையை வெளியிட்டவரைக் கேட்டுக் கேட்டுக் கூண்டில் வைத்தார்கள். அந்த வழக்கில் எல்-மஸ்ரி வீடியோ மூலம் சாட்சியமளிக்க ஆயத்தமாக இருந்தார். தொழில்நுட்பக் கோளாறு வந்தது, அமெரிக்கத் தரப்பு ஆட்சேபித்தது, முடிவில் அவரது வாக்குமூலத்தின் சுருக்கத்தை மட்டும் சட்டத்தரணி ஒருவர் வாசித்தார். நீதிமன்றத்தின் பின்புறத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அசாஞ்சே எழுந்து, சித்திரவதைப்பட்டவரின் சாட்சியத்தைத் தணிக்கை செய்வதை ஏற்கமாட்டேன் என்று சத்தமிட்டார். வழக்கு முழுவதிலும் அவர் மீது எனக்குப் பிரியம் வந்த இடம் அதுதான்.

ஸ்கொப்ஜே விமான நிலையத்தில் நடந்தது சட்டமில்லாத கடத்தல். லண்டனில் நடந்தது சட்டத்தோடு கூடிய நாடு கடத்தல் முயற்சி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள், வெவ்வேறு அகராதிகள். தமிழ் இரண்டையும் ஒரே வேரில் கட்டிவைத்திருக்கிறது. அந்தக் குழப்பம் பிடித்திருக்கிறது என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனில் பிறந்த கவிஞர் தல்ஹா அஹ்சன் இதே சட்டத்தின் கீழ் 2006 முதல் ஆறு வருடம் விசாரணையின்றிச் சிறையிலிருந்தார், அங்கிருந்து கவிதை எழுதினார். அவரோடு பேசப்பட்ட பாபர் அஹ்மத், 2003இல் தன்னைக் கைது செய்த பொலிஸார் அடித்தார்கள் என்று குற்றம் சாட்டி, நாடு கடத்தலுக்கு எதிராகப் போராடிக்கொண்டிருக்கும்போதே, 2009இல் 60,000 பவுண் நட்டஈடு பெற்றவர். அடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரும் 2011இல் விடுதலையானார்கள். இருவரும் 2012 ஒக்டோபர் 5இல் அனுப்பப்பட்டார்கள். பதினொரு நாட்கள் கழித்து, அமெரிக்க இராணுவக் கணினிகளுக்குள் புகுந்ததாகச் சொல்லப்பட்ட கேரி மெக்கினனை அனுப்புவதில்லை என்று உள்துறை அமைச்சர் தெரேசா மே அறிவித்தார். மெக்கினனுக்கிருந்த அதே அஸ்பேர்ஜர் குறைபாடு தல்ஹாவுக்கும் இருந்தது. பின்னர் அமெரிக்காவில் இருவரும் தலிபான்களுக்கு உதவிய குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், தண்டனை முடித்துத் திரும்பினார்கள். அவர்கள் நிரபராதிகள் என்பது என் வாதமல்ல. ஒரு கவிஞன் ஆறு வருடம் விசாரணையின்றிக் கிடந்ததை நமது சிற்றிதழ்கள் எதிலும் நான் வாசிக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

2010 டிசம்பரில் கொழும்பு அமெரிக்கத் தூதுவரின் கேபிள் வெளியானபோது மட்டும் நாமெல்லாம் விழித்துக்கொண்டோம். யுத்தக் குற்றங்களில் பலவற்றுக்கான பொறுப்பு நாட்டின் உயர் அரசியல், இராணுவத் தலைமையிடம் இருப்பதாக அவர் எழுதியிருந்தார். தமிழ் நண்பர்கள் தமக்கு வேண்டிய வரியைக் கோடிட்டார்கள், நாம் நமக்கு வேண்டியதைத் தேடினோம். இரவல் பிரதியின் ஓரத்தில் இருந்த பென்சில் கோடுகளைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வந்தது.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் வாதம் முழுவதும் வெறும் பழிவாங்கல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அமெரிக்கப் படைகளுக்குத் தகவல் கொடுத்த ஆப்கானியரதும் ஈராக்கியரதும் பெயர்கள் வெளியானதால் அவர்களின் உயிருக்கு ஆபத்து என்றது அந்த வாதம். 2011 செப்டெம்பரில் கேபிள்கள் பெயர் நீக்கப்படாமல் வெளிவந்தது உண்மை. அந்தப் பெயர்களும் நமது பெயர்கள்தாம், முஹம்மதும் அப்துல்லாவும்தான். மெல்சர் இதற்குச் சட்டப் பதில் சொல்கிறார். எனக்கு அதற்கும் மேலே ஒரு பதில் தேவைப்பட்டது.

அது நூல் வெளிவந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, யாரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தது. 2024 மே 20இல் லண்டன் மேல் நீதிமன்றம், கருத்துச் சுதந்திரம் பற்றிய அமெரிக்க வாக்குறுதி போதாது என்று மேன்முறையீட்டுக்கு அனுமதி கொடுத்தது. ஐந்து வாரத்தில் பேரம் முடிந்தது. ஜூன் 26இல், பசிபிக் சமுத்திரத்தில் சைப்பான் தீவிலுள்ள அமெரிக்க நீதிமன்றத்தில் அசாஞ்சே ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார், ஏற்கனவே கழித்த 62 மாதமே தண்டனையாகக் கணக்கிடப்பட்டது, அன்றே அவுஸ்திரேலியாவுக்குப் பறந்தார். வீட்டுக்குப் போவதற்குக் 'குற்றவாளி' என்று தன் வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது. அதற்காக அவரைக் குறைகூற நான் யார்? பதினான்கு வருடம் என் தலையில் விழவில்லை.

அந்த நீதிமன்றத்தில் நீதிபதி ரமோனா மங்லோனா ஓர் அவதானிப்பைச் செய்தார். இந்த வழக்கில் பாதிக்கப்பட்ட தனிநபர் எவரும் இல்லை என அரசாங்கமே தெரிவித்திருக்கிறது, ஆவணங்கள் வெளியானதால் எவருக்கும் உடற்காயம் ஏற்பட்டதாக அறியப்படவில்லை என்பதையே அது காட்டுகிறது என்பது அதன் சாரம். பதினான்கு வருடம் சொல்லிவந்த ஆபத்தைப் பற்றி அமெரிக்க நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய கடைசிக் கணக்கு அது.

மெல்சர் அடுத்த பதிப்புக்கு ஒரு பின்னுரை எழுதினால் இந்த அவதானிப்பிலிருந்து தொடங்கலாம். பக்தாத் வீடியோ பற்றிய அத்தியாயத்தை நான் தமிழில் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன்; அனுமதி கிடைத்தால் இந்த இதழிலேயே வரும். வேலை மெதுவாகத்தான் போகிறது. நமீரினதும் சயீதினதும் பெயர்களை ஆங்கில எழுத்தில் உள்ளபடி எழுதாமல் அரபு உச்சரிப்புப்படி எழுதவேண்டும் என்று ஆசை. 'ஷமாஃ' சரியா, 'ஷமாக்' சரியா என்று இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அரபு நன்றாகத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.